பிசையக் கூடாத ரொட்டி

ரொட்டி சுடுவது என்றாலே ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர், ஈரத்துணி போட்டு மூடிய பாத்திரம், ஒரு மணி நேரக் காத்திருப்பு, மறுபடி பிசைவது, மறுபடி காத்திருப்பது என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. 2020 ஊரடங்கின்போது கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனது ஞாபகம் இருக்கும். ஃபேஸ்புக்கில் ஆளாளுக்கு ஈஸ்ட் தேடி அலைந்தார்கள். அயர்லாந்தின் தெற்கே, கார்க் பக்கத்தில், எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. அவர் கவலை எல்லாம் மாவு கிடைக்குமா என்பதுதான். ஈஸ்ட்டை அவர் வாங்கும் வழக்கமே கிடையாது.

அவர் சுடுவது சோடா ரொட்டி. இந்த நாட்டில் காலை உணவுக்கு எங்கே போய் உட்கார்ந்தாலும் ஒரு கூடையில் வரும் பழுப்பு ரொட்டி அநேகமாக இந்த வகைதான். கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, புளித்த மோர் என்று நான்கே பொருள். முட்டை, சர்க்கரை, வெண்ணெய் என்று எதைச் சேர்த்தாலும் அது கேக் ஆகிவிடும், ரொட்டி ஆகாது என்று வாதாடுவதற்காகவே ஐரிஷ் சோடா ரொட்டியைக் காக்கும் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. நான் அவ்வளவு கறார் இல்லை. கொஞ்சம் உலர் திராட்சை போட்டு, அதற்கு ‘ஸ்பாட்டட் டாக்’ என்று நாயின் பெயரையும் வைத்துத் தின்னும் ஐரிஷ்காரர்களின் கட்சிதான் நானும்.

செய்முறையை இப்போதே சொல்லிவிடுகிறேன், கதையை அப்புறம் பேசலாம். சமையல் குறிப்பைத் தேடி வந்தவரைப் பத்து பத்தி படிக்கவைப்பது பாவம்.

225 கிராம் மைதா, 225 கிராம் முழுக்கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் உப்பு, தலை தட்டி ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சோடாவைக் கட்டாயம் சலிக்க வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து நடுவில் குழி செய்து 400 மில்லி கெட்டி மோரை ஒரேயடியாக ஊற்றுங்கள். விரல்களை விரித்து விறைப்பாக வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுற்றிச் சுற்றி வாருங்கள். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கொழகொழவென்று, ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். இருக்கட்டும். மாவு தூவிய மேடையில் கொட்டி, ஓரத்தை லேசாக ஒதுக்கி வட்டமாக்கி, ஒன்றரை அங்குல உயரத்துக்குத் தட்டி, மேலே கத்தியால் ஆழமாக ஒரு சிலுவைக் கீறல் போட்டு, 230 டிகிரி சூட்டில் தயாராக இருக்கும் ஓவனில் வைத்துவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 25, 30 நிமிடம். எடுத்துக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

அவ்வளவுதான். மாவைச் சலிப்பதிலிருந்து மேசைக்கு வரும் வரை ஒரு மணி நேரம்கூட ஆகாது.

படிக்கச் சுலபமாக இருக்கிறது. நம் கைக்குத்தான் இது வராது. சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் பழகிய கை சும்மா இருக்குமா? அம்மா ஒரு கோடையில் இங்கே வந்திருந்தபோது நான் மாவு சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கவில்லை.

“ஏண்டி, இப்படியா மாவு பிசைவாங்க? தள்ளு, நான் பிசைஞ்சு தரேன்.”

“பிசையக் கூடாதும்மா.”

“பிசையாம எப்படிடி ரொட்டி வரும்?”

“அதுவா வரும்மா. கையை மட்டும் வைக்காதீங்க.”

“நல்லா இருக்குடி உங்க ஊர் சமையல்” என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. ஈஸ்ட் ரொட்டியில் வாயு மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வரும். அவ்வளவு நேரமும் அதைத் தப்பவிடாமல் பிடித்துவைக்க வலுவான ஒரு வலை வேண்டும். மாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து, பிசையப் பிசைய இழுபட்டுப் பின்னி உண்டாகும் குளூட்டன்தான் அந்த வலை. பரோட்டா மாஸ்டர் வீசி அடிக்கும் மாவு கிழியாமல் விரிவது இதனால்தான். சோடாவில் கதையே வேறு. மோரின் புளிப்பு சோடாவைத் தொட்ட நொடியே கரியமில வாயு கிளம்பத் தொடங்கிவிடுகிறது. முதல் சில நிமிடங்களில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அது மாவுக்குள் இருக்கும்போதே சூடு பட்டு மாவு இறுக வேண்டும். பிசைந்துகொண்டே இருந்தால் நட்டம் இரண்டு பக்கமும்: வாயு போய்விடும், தேவையில்லாத குளூட்டன் பின்னி ரொட்டி ரப்பராகிவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி முதலில் ஓவனைச் சூடேற்றி வைத்துவிட்டுத்தான் மோர் புட்டியையே திறப்பார். மோர் ஊற்றியபின் தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார்.

இட்லி மாவுக்குப் பொறுமை வேண்டும், சப்பாத்திக்குக் கைவலு வேண்டும். இதற்கு இரண்டும் ஆகாது. நம் சமையலறையில் நல்ல குணம் என்று பெயர் வாங்கிய இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, புதிதாகச் சமைக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த ரொட்டி முதல் தடவையே அமைந்துவிடுகிறது. நாற்பது வருடம் சமைத்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

இன்னொரு மனத்தடையும் உண்டு. நம் ஊரில் சோடாவுக்கு நல்ல பெயர் கிடையாது. ஆப்ப சோடா என்று பெயர் வைத்து அஞ்சறைப் பெட்டிக்கு வெளியே, தனி டப்பாவில் ஒளித்துவைத்திருப்போம். “ஹோட்டல்காரன் சோடா போட்டிருக்கான், வயித்தைப் பண்ணுது” என்பது நாம் ஒரு உணவகத்தின்மேல் வைக்கக்கூடிய பெரிய குற்றச்சாட்டு. போண்டாவுக்கு ஒரு சிட்டிகை, வேகாத கொண்டைக்கடலைக்கு ஒரு சிட்டிகை என்று போடுவோம், விருந்தாளியிடம் சொல்லமாட்டோம். இங்கேயோ சோடா என்பது குடும்பச் சொத்து. ‘பிரெட் சோடா’ என்றுதான் பொட்டலத்திலேயே அச்சடித்திருக்கும். எந்தப் பாட்டியும் அதற்காகக் கூச்சப்படுவதில்லை.

நம் சந்தேகத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. புளிப்பு இல்லாத இடத்தில் போட்ட சோடா முழுதாகத் தீராது. சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவை சோடாவாக மாறுகிறது. சோப்பு வாடையும், மஞ்சள் பாரித்த நிறமும், நாக்கில் ஒரு வழுவழுப்பும் அதன் கைவேலைதான். ஆகவே கணக்கு முக்கியம். அரை டீஸ்பூன் சோடாவை அடக்க ஏறக்குறைய ஒரு கப், அதாவது 240 மில்லி புளித்த மோர் வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் உப்பட்டுமே’ என்று ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுகிற பழக்கம் இங்கே காலை வாரிவிடும்.

சலிக்கச் சொன்னது எதற்கு என்று பார்க்க ஒரு வேடிக்கை செய்யலாம். இதே மாவில் மிளகு, சீரகம், கிள்ளிய கறிவேப்பிலை, கால் டீஸ்பூன் மஞ்சள் தூள் சேர்த்துக் காரரொட்டி செய்து பாருங்கள். சோடா கட்டியாக நின்றுவிட்ட இடங்களில் எல்லாம் மஞ்சள் செம்பழுப்புப் புள்ளியாக மாறியிருக்கும். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவந்து குங்குமமாவது எப்படியோ அப்படியேதான் இதுவும். ஒழுங்காகச் சலித்து, மோரும் கணக்காக இருந்தால் ரொட்டி முழுக்க ஒரே மஞ்சள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை நம் மஞ்சள் டப்பா செய்துவிடுகிறது. சூரியகாந்தி விதை போட்டால் இன்னொரு கூத்து: மறுநாள் வெட்டும்போது விதைகளைச் சுற்றிப் பச்சை நிறம் படர்ந்திருக்கும். பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது, தின்னலாம்.

ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரு டீஸ்பூன் சோடாவில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, அதற்குமேல் உப்பு வேறு. ஒரு ரொட்டியைப் பத்துப் பேர் பங்குபோட்டால் பெரிதில்லை. பாதி ரொட்டியை ஒருவரே வெண்ணெய் தடவி முடிக்கிற வீடு என்றால் உப்பைப் பாதியாக்கிவிடுங்கள்.

சரி, ஏன் அயர்லாந்து? ரொட்டி சுட உலகத்தில் வேறு ஊரே இல்லையா?

ஒரு பாதிப் பதில் கார்க் நகரத்திலேயே இருக்கிறது. 1770-இல் இங்கே தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை, அடுத்த நூற்றாண்டில் உலகிலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை என்று பெயரெடுத்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வெண்ணெய் மரப்பீப்பாய்களில் ஏறி நகரத்துக்கு வரும், அங்கிருந்து கப்பல் ஏறிக் கடல் கடந்து போகும். அந்தக் காசு நிலத்துக்குக் குத்தகை கட்டப் போய்விடும். விவசாயி வீட்டில் மிஞ்சியது மோர். உருளைக்கிழங்கும் மோரும்தான் ஏழைகளின் சாப்பாடு. 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, பல ஆண்டுகள் நீண்ட பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மடிந்ததையும், அதற்குக் குறையாத கூட்டம் கப்பலேறியதையும் தனியாக எழுத வேண்டும், இங்கே அடங்காது. பஞ்சத்துக்குப் பின் கிழங்கை மட்டும் நம்பியிருந்த நிலை மாறி, கோதுமை மாவு சாதாரண வீடுகளுக்கும் வந்தபோது, மோர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. சோடாவும் மலிந்திருந்தது.

மீதிப் பதில் மண்ணிலும் அடுப்பிலும். ஈரமும் குளிருமான இந்த மண்ணில் விளையும் கோதுமை மென்மையானது, புரதம் குறைவு. ஈஸ்ட் போட்டு ஊதவைத்தால் தாங்காது, சோடாவுக்கோ அதுதான் தோது. சதுப்பு நிலத்தின் மட்கிய மண்ணைச் செங்கல்போல் வெட்டிக் காயவைத்த ‘டர்ஃப்’தான் எரிபொருள். வீடுகளில் ஓவன் கிடையாது. மூன்று கால் வைத்த, தட்டையான அடியுள்ள இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடி, மூடியின்மேலும் தணலை அள்ளிப் போட்டுவிடுவார்கள். சட்டிக்குப் பெயர் பாஸ்டிபிள். மேலும் கீழும் தணல் வைத்துப் பலகாரம் சுடுவது நம் பக்கத்துப் பழைய சமையலறைகளும் அறிந்த உத்திதான். அம்மாவுக்கு இந்தச் சட்டியின் படத்தைக் காட்டியபோதுதான் சோடா ரொட்டியின்மேல் முதல் முறையாக ஒரு மரியாதை வந்தது.

அந்தச் சிலுவைக் கீறலுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். இறைவனின் ஆசி என்பார்கள், ரொட்டிக்குள் இருக்கும் குறும்புத் தேவதைகள் வெளியேற வழி என்பார்கள். நடுப்பகுதி ரொட்டியிலேயே தடிமனான இடம், கீறாவிட்டால் அங்கே மாவு வேகாமல் நிற்கும். நான் இந்த விளக்கத்தை நம்பிக்கொண்டு, கத்தியை நன்றாகவே உள்ளே இறக்குகிறேன்.

சோடா ரொட்டியை ஐரிஷ்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று இங்கே சொன்னால் தலையாட்டிவிட்டு வரலாம். ஏட்டைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது. அயர்லாந்தின் நியூரி நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த செய்முறையை லண்டன் விவசாய இதழ் 1836-இல் எடுத்து வெளியிட்டிருக்கிறது. அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1796-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’ என்ற நூலில் ‘பேர்ல் ஆஷ்’ போட்டு மாவை உப்பவைக்கும் குறிப்புகள் இருக்கின்றன. பேர்ல் ஆஷ் என்பது வேறொன்றுமில்லை, விறகுச் சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்த காரம். காடுகளை வெட்டிக் குவித்த அமெரிக்காவில் சாம்பலுக்கா பஞ்சம்? அந்த நாடு கொடுத்த முதல் காப்புரிமையே, 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, சாம்பலிலிருந்து இந்தக் காரத்தை எடுக்கும் முறைக்காகத்தான். கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். ஒரு நாட்டின் காப்புரிமை வரலாறு ரொட்டிக்குப் போடும் சாம்பலில் தொடங்குகிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சாம்பல் காரத்தில் ஒருவிதக் கசப்பு தங்கும். கடல் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் வழியை 1791-இல் பிரான்சின் நிக்கோலா லெப்லாங்க் கண்டுபிடித்ததும், 1860-களில் பெல்ஜியத்தின் சால்வே இன்னும் மலிவான வழியைக் கண்டதும்தான் சோடாவை ஏழை வீடு வரை கொண்டுசேர்த்தன. இந்தச் சங்கிலியில் நம்மூரும் இருக்கிறது. தூத்துக்குடியில் சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட் தயாரிக்கும் ஆலை ஒன்று, தன் நிலக்கரிக் கொதிகலனிலிருந்து போகும் புகையில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்து அதையே மூலப்பொருளாக்கிக்கொள்ளத் தொடங்கி 2016 வாக்கில் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் இடம்பிடித்தது.

பேக்கிங் பவுடர் சமையல் சோடாவுக்குத் தம்பி. மோர் இல்லாத இடத்துக்கு, புளிப்பையும் பொடியாக்கிச் சோடாவோடு கலந்து, இரண்டும் டப்பாவிலேயே சண்டை போடாமல் இருக்க நடுவில் சோளமாவைப் போட்டுவைத்தது. பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் இதைச் செய்தது மனைவிக்காக. அந்த அம்மாவுக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. முட்டையும் ஒத்துக்கொள்ளாது என்பதால் ஆறு வருடம் முன்பே முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும் அவர் கண்டுபிடித்திருந்தார். கஸ்டர்ட் பவுடர் போட்டு ஃப்ரூட் சாலட் செய்யும் நம் கல்யாணக் கேட்டரிங்காரர்கள் யாருக்கும் இது தெரியாது என்று நினைக்கிறேன். இப்போது கடையில் கிடைக்கும் ‘டபுள் ஆக்டிங்’ வகையில் இரண்டு புளிப்புகள் இருக்கும். ஒன்று ஈரம் பட்டதும் வேலை செய்யும், மற்றது சூடு பட்ட பிறகு. எனவே மாவு கொஞ்சம் காத்திருந்தாலும் குடி முழுகாது. டப்பா பழசாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் பவுடரை வெந்நீரில் போடுங்கள். பொங்கினால் சரி. தனிச் சோடாவுக்கு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்க வேண்டும்.

ஊரில் இருந்து செய்பவர்களுக்கு மூன்று விஷயம் முக்கியம். நாம் குடிக்கும் நீர்மோர் இதற்கு உதவாது. நன்றாகப் புளித்த தயிர் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். தயிர் இல்லாவிட்டால் ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் விட்டால் திரிந்து வரும், அதுவும் போதும். அடுத்தது மாவு. நம் மில் கோதுமை மாவு கல்லில் நசுங்கி அரைபட்டது, தண்ணீரை மிகுதியாகக் குடிக்கும். மைதாவில் பாதி கலந்தாலும் மோரைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாவு சப்பாத்திப் பதத்துக்கு இறுகினால் ரொட்டி கல்லாகிவிடும். மூன்றாவது, ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம். குக்கரில் மணல் கொட்டிச் சுடும் வித்தைகளைவிட வடக்கு அயர்லாந்துக்காரர்களின் ‘ஃபார்ல்’ வழி எவ்வளவோ மேல். அதே மாவை அரை அங்குலத் தடிமனுக்குத் தட்டி, நான்காக வெட்டி, எண்ணெய் விடாத கனமான தோசைக்கல்லில் மாவு தூவி, சிறு தீயில் ஒரு பக்கம் எட்டிலிருந்து பத்து நிமிடம், திருப்பிப் போட்டு அதே அளவு. கடைசியில் வெட்டிய ஓரங்களையும் நிறுத்திக் கல்லில் காட்ட வேண்டும், அங்கேதான் பச்சை மாவு ஒளிந்திருக்கும்.

வாழைப்பழ ரொட்டியைப் பற்றி எழுதாவிட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். 1930-களின் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் பரவிய இதுவும் இதே குடும்பம்தான். என் அபிப்பிராயத்தில் அது ரொட்டி வேடம் போட்ட கேக். கற்பூரவள்ளி நன்றாகக் கனிந்து தோல் கறுத்துக் கிடந்தால் செய்யுங்கள், சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அங்கேயும் கரண்டியை ஓரளவோடு நிறுத்துங்கள். அதிகம் அடித்த மாவில் வெந்தபின் நீள நீளமாகச் சுரங்கம் விழும்.

சோடா ரொட்டி அன்றன்றைக்குச் சாப்பிட வேண்டியது. சுட்டு எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டாம் என்றால் சூட்டோடு துணியில் சுற்றிவிடுங்கள். உப்பு வெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். அம்மா அன்றைக்கு இரண்டு துண்டை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, “கொஞ்சம் பிசைஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார். மறுநாள் ரொட்டி காய்ந்துபோகும். அப்போது கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி முட்டைப் பொடிமாஸோடு சாப்பிடலாம். மூன்றாம் நாள் கத்தி பட்டதும் உதிரும். உதிர்த்துப் பெரிய வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து உப்புமாவாகக் கிளறிவிடுங்கள். உப்பு மட்டும் போட வேண்டாம், ரொட்டியிலேயே இருக்கிறது.